வாசகர் கேள்வி – பதில்: மைக் செட்காரர்கள் படைத்த இசை

சென்ற இதழில் வேறொரு கேள்விக்கு விடை எழுதும்போது, ஜமைக்காவின் ரெகே இசையைப் போகிறபோக்கில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு வட்டியாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து மட்டும் ஆறு கடிதங்கள் வந்துள்ளன. இம்முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: சடைமுடியோடு பாப் மார்லி சிரிக்கும் பனியன் எங்கள் ஊர்க் கடைகளில் தொங்குகிறது. ரெகேயைக் கண்டுபிடித்தவர் அவர்தானா? (கல்லூரி மாணவர், ஓசூர்)

பதில்: இல்லை, அதை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஜமைக்கா 1962 ஆகஸ்டில் விடுதலை பெற்ற காலத்தில் அங்கே ஓங்கியிருந்தது ஸ்கா என்னும் துள்ளல் இசை. 1966 வாக்கில் அதன் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி ஆயிற்று. 1968-இல் டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ் குழுவின் பாட்டொன்றில் ரெகே என்ற பெயரே இசைத்தட்டில் ஏறியது. மார்லியின் வெய்லர்ஸ் குழு இந்த மூன்று கட்டங்களையும் கடந்து வந்ததுதான். 1973-இல் வெளிவந்த 'கேட்ச் எ ஃபயர்' தொகுப்பு அவரை வெளிநாட்டாருக்கு அறிமுகப்படுத்தியது. 1978 ஏப்ரலில் தலைநகர் கிங்ஸ்டனின் மேடையொன்றில், இரு கட்சித் தொண்டர்கள் தெருவில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், பிரதமர் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவையும் அழைத்து இருவர் கைகளையும் சேர்த்துப் பிடித்தவர் அவர். 1981-இல், 36 வயதில், புற்றுநோயால் இறந்தார். அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அவரோடு நின்றுவிடுவது, கலசத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலைப் பார்த்தேன் என்பதைப் போன்றது.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாக மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். ஜமைக்காவில் எங்கள் தொழில் செய்தவர்களே இசையை உருவாக்கினார்கள் என்று மகன் சொல்கிறான். நம்பலாமா? (வாசகர், காரிமங்கலம்)

பதில்: தாராளமாக நம்பலாம், உங்கள் மகன் சொல்வதுதான் இந்த வரலாற்றின் மையம். 1950களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளுக்குச் சொந்தமாக வானொலியோ கிராமபோனோ வாங்கக் கட்டுப்படியாகவில்லை. நல்ல வாத்தியக்காரர்களில் பலர் சுற்றுலா விடுதிகளுக்கு வாசிக்கப் போய்விட்டார்கள். அந்த இடத்தை நிரப்பியது சவுண்ட் சிஸ்டம். அங்கே அது ஒரு கருவியின் பெயர் அன்று. ஆம்ப்ளிஃபயர், ஆளுயரப் பெட்டிகள், இசைத்தட்டுகள், தட்டு போடுபவர், மைக்கில் பேசுபவர், பெட்டி தூக்குபவர் என அத்தனையும் அடங்கிய ஒரு செட்டின் பெயர். திறந்தவெளியில் நுழைவுக் கட்டணம் வைத்து ஆட்டம் நடத்துவார்கள். சாராய விற்பனையிலும் வருமானம் வரும். பெரும்புள்ளிகளில் ஒருவரான டியூக் ரீட் காவல்துறையில் இருந்துவிட்டு மதுக்கடை வைத்தவர். அவருக்கு நேர்ப் போட்டி காக்ஸ்சன் டாட்.

மாரியம்மன் திருவிழாவில் கீழத்தெரு செட்டும் மேலத்தெரு செட்டும் எதிரெதிரே முழங்குவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அங்கும் அதே போட்டிதான். வெற்றி மட்டும் ஒலியின் அளவால் அமையவில்லை, பக்கத்துச் செட்டிடம் இல்லாத பாட்டு யாரிடம் இருக்கிறது என்பதால் அமைந்தது. அமெரிக்காவிலிருந்து தேடிப்பிடித்துக் கொண்டுவந்த இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எதிராளியின் ஆள் கூட்டத்தோடு கூட்டமாக வந்து எட்டிப்பார்த்தாலும் பாடகரின் பெயர் தெரியக்கூடாது. என் சிறுவயதில் பாலக்கோட்டில் மைக் செட் அண்ணன் ஒருவர் தட்டுப் பெட்டியைத் தொட விடாமல் எங்களை விரட்டுவார். அவர் கிங்ஸ்டனில் பிழைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

1950களின் இறுதியில் அமெரிக்க ரசனை மாறியது. கிங்ஸ்டன் கூட்டம் விரும்பிய வகைப் பாட்டுகள் அங்கிருந்து வருவது குறைந்தது. நம் மைக் செட்காரர்களுக்கு அந்த நெருக்கடி வரவே இல்லை, ஏனென்றால் சென்னையிலிருந்து வாரந்தோறும் புதிய சினிமாப் பாட்டு வந்துகொண்டேயிருந்தது. வேறு வழியில்லாத டாட்டும் ரீட்டும் உள்ளூர்ப் பாடகர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். டாட் 1963-இல் திறந்த ஸ்டூடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்த மெட்டுகளின்மேல் இன்றுவரை புதுப் பாட்டுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: 'டப்' என்கிறார்களே, அதற்கும் டப்பிங் படத்துக்கும் ஏதேனும் உறவு உண்டா? (இல்லத்தரசி, பாலக்கோடு)

பதில்: சொல் ஒன்றேதான். ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்கு நகல் எடுப்பதே டப்பிங். தமக்கு மட்டும் கிடைத்த பாட்டை ஒலிநாடாவிலிருந்து மென்மையான அரக்குத் தட்டுக்கு நகலெடுத்து, அந்த ஒற்றைத் தட்டை வைத்தே சவுண்ட் சிஸ்டக்காரர்கள் கூட்டத்தை இழுத்தார்கள். அந்தத் தட்டுக்கு டப்பிளேட் என்று பெயர். சில பத்து முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும்.

1960களின் கடைசியில், ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரூடி ரெட்வுட் என்பவருக்காக டியூக் ரீட்டின் கூடத்தில் இப்படியொரு தட்டு வெட்டினார்கள். பொறியாளர் பாடகர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ரெட்வுட் அதைத் தூக்கி எறியாமல், அன்றிரவு ஆட்டத்தில் முதலில் பாட்டுள்ள தட்டையும் அடுத்துப் பாட்டில்லாத தட்டையும் போட்டார். வாத்தியம் மட்டும் ஒலிக்க, ஆடிக்கொண்டிருந்தவர்களே விட்டுப்போன குரலைப் பாடி நிரப்பினார்கள். அதன்பின் இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரலில்லாத 'வெர்ஷன்' வைப்பது வழக்கமானது.

அந்த மறுபக்கத்தைக் கலையாக்கியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக், ஒரு வாத்தியமும் வாசித்து அறியப்பட்டவர் அல்லர், ரேடியோ மெக்கானிக். தருமபுரி கடைவீதியில் ஒரு காலத்தில் கழற்றிப் போட்ட ரேடியோக்களுக்கு நடுவில், ஈயப்பற்று வைக்கும் கோலோடு குனிந்தபடி உட்கார்ந்திருப்பார்களே, அந்தத் தொழில். ஆம்ப்ளிஃபயர் கட்டித் தந்து, சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டமும் நடத்திய அவர், பெரிய கூடமொன்று கழித்துக்கட்டிய பழைய மிக்ஸரை, அதாவது ஒலித்தடங்களைக் கலக்கும் கருவியை, வாங்கித் தம் வீட்டில் வைத்தார். ஒரு பாட்டு நான்கு தடங்களாகப் பிரித்துப் பதிவாகியிருக்கும்: டிரம் ஒன்றில், அடிக்குரல் கிதாரான பேஸ் ஒன்றில், கிதாரும் கீபோர்டும் ஒன்றில், குரல் ஒன்றில். எந்தத் தடம் எப்போது ஒலிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை டப்பி மிக்ஸரின் நெம்புகளை ஓடுகிற பாட்டோடு ஓடி இழுத்தும் தள்ளியும் அந்தக் கணத்தில் தீர்மானித்தார். பாடகர் ஒரு வரியைத் தொடங்குவார். இரண்டாம் சொல்லிலேயே குரல் அறுந்து, அதன் வால் மட்டும் எதிரொலியில் சுழன்று சுழன்று தேயும். அடியில் பேஸும் டிரம்மும் ஒன்றும் நடவாதவை போல் நடந்துகொண்டிருக்கும். கிதார் ஒரே ஒரு வெட்டு வெட்டிவிட்டு மறையும். எதிரொலிக்கும் மாயம் எதுவுமில்லை. பதிவுத் தலையைக் கடந்த ஒலிநாடா சற்றுத் தள்ளியிருக்கும் வாசிப்புத் தலையை அடைய ஒரு நொடியில் சிறு பங்கு பிடிக்கும். அப்படித் தாமதமாக வந்த ஒலியைத் திரும்பவும் பதிவுக்கே ஊட்டினால் அது மறுபடி மறுபடி கேட்கும். பாட்டைக் கூட்டிக் கூட்டிக் கட்டுவதுதான் இசையமைப்பு என்று எண்ணியிருந்த உலகத்துக்கு, கழித்தும் இசை செய்யலாம் என்று காட்டியவர் இந்த மெக்கானிக். அவர் காலத்திலேயே லீ பெரி என்பவர் பிளாக் ஆர்க் என்ற சிறு கூடத்தில் இதே கலையை வேறு திசையில், சற்றுப் பித்தேறிய அழகோடு செய்துகொண்டிருந்தார். டப்பியை 1989 பிப்ரவரி 6 அன்று அவர் வீட்டு வாசலில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். அது மார்லியின் பிறந்தநாள்.

கேள்வி: கூத்துக்கு மிருதங்கம் வாசிப்பவன் நான். ரெகேயின் தாளக் கணக்கு பிடிபடவில்லை. (பென்னாகரம்)

பதில்: கணக்கு நான்குதான், உங்களைக் குழப்புவது அடி விழும் இடம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். இரண்டிலும் நான்கிலும் கிதார் 'ச்சக்' என்று வெட்டும். பெரிய டிரம்மின் அடி மூன்றில் விழும். ஒன்றில் டிரம் சும்மா இருக்கும்; இதற்கு 'ஒன் டிராப்' என்று பெயர். கர்நாடக இசையின் அனாகத எடுப்பில் பாட்டுத்தான் தள்ளித் தொடங்கும், தாளம் தட்டும் கை முதல் அடியான சமத்தில் விழுந்தே தீரும். இங்கே சமமே காலி. வெய்லர்ஸ் குழுவில் டிரம் வாசித்த கார்ல்டன் பாரெட், பேஸ் வாசித்த ஆஸ்டன் பாரெட் என்ற சகோதரர்களைக் கவனித்துக் கேளுங்கள். அந்தக் காலி இடத்தில் உடம்பு தானாகவே ஆடுவதை உணர்வீர்கள்.

கேள்வி: இது கஞ்சாப் பாட்டு என்கிறார்களே? (ஆசிரியர், ஊத்தங்கரை)

பதில்: ராஸ்தஃபாரி என்ற சமய வழி 1930களில் ஜமைக்காவில் எழுந்தது; 1930-இல் எத்தியோப்பியாவில் முடிசூடிய ஹைலே செலாசியைத் தெய்வமாகக் கொண்டது. சடைமுடியும் கஞ்சாவும் அதன் வழிபாட்டில் இடம்பெறுவன. ரெகே பாடகர் பலர் அவ்வழியினர், எல்லோரும் அல்லர். 'கஞ்சா' என்ற சொல்லோ, 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்ட இந்தியர்களோடு அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே குற்றம் சாட்டுமுன் கொஞ்சம் நிதானிக்கலாம்.

கேள்வி: இந்த இசையால் பிற நாடுகளில் என்ன விளைந்தது? தமிழர் யாரேனும் இதில் உண்டா? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? (கிருஷ்ணகிரி)

பதில்: குரலில்லாத வெர்ஷன் ஓட, அதன்மேல் மைக்கில் சந்தத்தோடு பேசும் கலையை யூ-ராய் போன்றவர்கள் 1970 வாக்கில் புகழ்பெறச் செய்தார்கள். கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியில் நடத்திய ஆட்டத்தையே ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பெரிய பெட்டிகளும் மைக்கில் பேசுவதும் அவர் ஊரிலிருந்து வந்த பழக்கம். இங்கிலாந்தில் குடியேறிய கரிபியர்கள் கொண்டுவந்த சவுண்ட் சிஸ்டத்தின் வழியில் ஜங்கிள், டப்ஸ்டெப் என்னும் மின்னணு நடன இசை வகைகள் பிறந்தன. இன்று சினிமாப் பாட்டுக்கு 'ரீமிக்ஸ்' என்று ஒன்று வருகிறதே, அதன் மூதாதையரிலும் டப்பியின் வெர்ஷன் உண்டு. யுனெஸ்கோ 2018-இல் ரெகேயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தமிழர் வரிசையில் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தைச் சொல்ல வேண்டும். லண்டனில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, இளமையில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வாழ்ந்தவர்; அவருடைய முதல் தொகுப்பான 'அருளர்' (2005) ரெகேயின் பிள்ளையான டான்ஸ்ஹால் இசையின் சாயலை நன்கு காட்டும்.

தொடங்குவதற்கு ஜேக்கப் மில்லர் பாடிய 'பேபி ஐ லவ் யூ சோ' பாட்டை முதலில் கேளுங்கள். அடுத்து, அதே பதிவை அகஸ்டஸ் பாப்லோ என்ற இசைக்கலைஞருக்காக டப்பி கலைத்துப் போட்ட 'கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' கேளுங்கள். கைப்பேசி ஒலிபெருக்கியில் மட்டும் வேண்டாம். அதில் பேஸ் வராது, பேஸ் இல்லையேல் இதில் பாதி இல்லை. காரிமங்கலம் வாசகரிடம் ஆடித் திருவிழா முடிந்தபின் பெட்டிகள் சும்மாதான் இருக்கும். அவர் சம்மதித்தால் ஒரு மாலை நானும் வருகிறேன்.