கோப்ளினிடம் சில்லறை இல்லை

கேள்வி: ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு வீரனாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். கலகலப்பாக இருக்கட்டும் என்று ஜோக்குகள் எழுதிக்கொண்டு போகிறேன். யாரும் சிரிப்பதில்லை. ஒருவன் போனையே எடுத்துவிடுகிறான். என்ன செய்யலாம்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: முதலில் அந்த ஜோக் நோட்டைப் பரணில் போடுங்கள்.

போன மழைக்காலத்தில், திருவல்லிக்கேணியில் எங்கள் மொட்டைமாடி அறையில் நான் நடத்திய ஆட்டத்தில் நடந்தது இது. பாலத்தைக் காவல் காக்கும் ஒரு கோப்ளின், அதாவது குட்டி அரக்கன். சுங்கம் 3 வெள்ளிக்காசு. எங்கள் வீரன் கெத்தாக ஒரு தங்கக்காசை நீட்டினான். அந்த ஆட்டத்தில் ஒரு தங்கத்துக்குப் 10 வெள்ளி. "மீதி ஏழுக்கு நான் எங்க போறது? காலைலேர்ந்து எல்லாரும் தங்கத்தையே நீட்டினா?" என்றேன், பஸ் கண்டக்டர் குரலில், சிரிக்காமல். "மாத்திட்டு வரேன், யாராவது வந்தா வசூல் பண்ணி வைங்க" என்று ஈட்டியைக் கையில் கொடுத்துவிட்டுக் கோப்ளின் போய்விட்டான். டிராகனைக் கொல்லக் கிளம்பியவர்கள் ஒன்றரை மணி நேரம் பாலத்தில் உட்கார்ந்து சுங்கம் வசூலித்தார்கள். சில்லறை தராத வண்டிக்காரனோடு சண்டை வேறு. சத்தம் கேட்டு கீழ்வீட்டு மாமி மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

கோப்ளினுக்கு அது ஜோக் இல்லை, பிழைப்பு. உங்கள் அரக்கர்களுக்கும் இப்படி ஆளுக்கொரு சின்னக் கவலையைக் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், 20 முகப் பகடையில் 1 விழுந்து அடி தவறினால் வீரனைக் கோமாளியாக்க வேண்டாம். இருபதில் ஒரு முறை யாருக்கும் விழும். வாள் வழுக்கியதற்கு மழையைக் காரணம் காட்டுங்கள். தன் ஆளைக் கேலி செய்தால் எவனுக்கும் முகம் சுருங்கும்.

பாட்டுப் பாடும் பாணர் பாத்திரத்தை யாராவது ஆடினால் விஷியஸ் மாக்கரி மந்திரத்தை எடுக்கச் சொல்லுங்கள். வசவாலேயே எதிரியைக் காயப்படுத்துவது. 2014 விதிப்புத்தகத்தில் ஆரம்ப நிலைகளில் சேதம் வெறும் நான்கு முகப் பகடை ஒன்றில் விழும் எண்தான். வசவை வாய்விட்டுச் சொன்னால்தான் பகடை என்று வையுங்கள். வசவுக்கா நம்மிடம் பஞ்சம்!

நானும் சொதப்பியிருக்கிறேன். வில்லன் அரசனுக்குப் பஜ்ஜி என்று பெயர் வைத்தேன். முதல் நாள் நல்ல சிரிப்பு. ஆறு மாதம் கழித்து அவன் மகளின் மடியில் உயிர்விடும் காட்சியில், "சட்னி வேணுமா?" என்றான் ஒருத்தன். சரி, என் தப்புதான்.

அந்தக் கோப்ளின் இன்னும் திரும்பி வரவில்லை. எங்கள் ஆட்கள் ஊர் ஊராக அந்த 7 வெள்ளியை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.