கண் போன குதிரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் 'சவோயா கவலேரியா' குதிரைப்படை பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1942 ஆகஸ்ட் 24 அன்று, ரஷ்யாவில் இஸ்புஷென்ஸ்கி என்ற இடத்தில், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே வாளை உருவிக்கொண்டு பாய்ந்திருக்கிறார்கள். படிக்கும்போதே சிலிர்க்கிறது. உலகின் கடைசிக் குதிரைப்படைத் தாக்குதல் அதுதானா? அவர்களுடைய சிவப்பு டைக்கு என்ன காரணம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் குரோஷியாவின் பொலோயில் இன்னொரு இத்தாலியக் குதிரைப்படை பாய்ந்தது. டை விஷயம், 1706-ல் தொண்டையில் வெட்டுப்பட்ட ஒரு தூதுவன் வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டுச் செத்தான், அவன் ரத்தத்தின் நினைவு என்று அந்தப் படையில் சொல்லிவருகிறார்கள். சரி, அது போகட்டும்.

சிலிர்த்தது என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. ரஷ்யாவின் அந்தச் சூரியகாந்திக் காட்டுக்கு அவர்களை யார் கூப்பிட்டார்கள்? ஹிட்லரோடு சேர்ந்து அடுத்தவன் நாட்டுக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். அந்தப் படையின் தலைவர் கர்னல் பெத்தோனியின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. பெர்லின் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய சில்வானோ அப்பா அங்கேதான் செத்தார். அன்று அவருடைய பிரிவு குதிரையை விட்டு இறங்கி, தரையில் நின்று சண்டையிட்டது. அதையும் எழுதுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? செத்த இத்தாலியர் 32 பேர், காயம்பட்டவர்கள் 52 பேர் என்று எண்ணிச் சொல்கிறார்கள். குதிரை என்று வந்தால் 'நூற்றுக்கும் மேல்' என்று முடித்துவிடுகிறார்கள். நீங்களும் அதை அப்படியே எடுத்து எழுதத்தான் போகிறீர்கள். எழுதாதீர்கள். குதிரை பயந்தால் ஓடுகிற பிராணி. சத்தம் கேட்டால் திரும்பி ஓடு என்றுதான் அதன் உடம்பு சொல்லும். அதைச் சத்தத்தை நோக்கியே ஓடப் பழக்குவது லேசான வேலையா? பழக்கியவன் மேல் அதற்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

அதில் தப்பியவற்றில் ஒன்று ஒரு செம்பழுப்புக் குதிரை, பெயர் அல்பினோ. அந்தப் பாய்ச்சலில் அதற்குக் கண் போனது. இத்தாலிக்குத் திரும்பி 1960 வரை உயிரோடு இருந்தது. செத்த பிறகு அதன் உடலைப் பாடம் செய்து ரெஜிமென்டின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

என் தாத்தா ஜட்கா ஓட்டியவர். அவர் குதிரைக்கும் வயதான காலத்தில் பார்வை மங்கிவிட்டது. விற்றுவிடுங்கள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. தினமும் காலையில் கொள்ளு வேகவைத்து, ஆறவைத்து, ஒரு பிடி அள்ளி அதன் மூக்குக்குக் கீழே நீட்டுவார். முதலில் அவர் மணிக்கட்டைத்தான் மோந்து பார்க்கும், அப்புறம்தான் வாய் வைக்கும். எனக்கு ஆறு வயது. நான் நீட்டினால் மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தாத்தா பின்னால் வந்து என் கையைத் தன் கைக்குள் வைத்துப் பிடித்துக்கொள்வார். அப்போது தின்னும்.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த ஈர மூச்சு உள்ளங்கையில் பட்டது போல இருந்தது. ரஷ்யாவிலிருந்து இத்தாலி வரை அல்பினோவுக்கு யார் கையில் தீனி வைத்தார்கள் என்று தேடிப் பாருங்கள், எஸ். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.