எஞ்சின் தட்டுதுன்னு உடனே இறக்கிடாதீங்க

சங்ககிரியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. டாடா 2518, 2012 மாடல், கம்மின்ஸ் 6பிடி எஞ்சின், பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டி, ஒன்பது லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சாம். ரெண்டு மாசமா ஐடிலிங்ல டக்கு டக்குனு தட்டுது, ஒரு மெக்கானிக் எஞ்சின இறக்கி ஃபுல் வேலை பாக்கணும், ரெண்டரை லட்சம் ஆகும்ங்கறாரு, இன்னொருத்தர் டேப்பெட் வச்சா, அதாவது வால்வு இடைவெளிய சரி பண்ணா போதும்ங்கறாரு, யார நம்புறதுன்னு கேள்வி.

இப்போதைக்கு ரெண்டு பேரையும் நம்பாதீங்க தம்பி. ரெண்டு பேருமே காதுல கேட்டத சொல்றாங்க, யாரும் ஒரு நட்டக்கூட கழட்டிப் பாக்கல. கிலோமீட்டர பாத்து எஞ்சின இறக்குறதில்ல.

மொதல்ல ஏர் கம்ப்ரசர பாருங்க. ஏர் ஏறும்போது தட்டி, டேங்க் நெறஞ்சு புஸ்ஸுன்னு விட்டதும் சத்தம் கொறஞ்சா கம்ப்ரசர்தான், எஞ்சின் இல்ல. இதுக்கே எஞ்சின இறக்குனவங்கள பாத்திருக்கேன். அடுத்து டேப்பெட், எஞ்சின் ஆறி இருக்கும்போது இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ., அரை நாள் வேலை.

அதுக்கும் நிக்கலன்னா ஐடிலிங்ல ஓடவிட்டு டீசல சிலிண்டருக்குள்ள பீச்சுற நாசிலுக்குப் போற பைப்புல ஒவ்வொரு நட்டா கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. எதை லூஸ் பண்ணா சத்தம் கொறையுதோ அந்த சிலிண்டர். உடனே பிஸ்டன் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, அந்த நாசில பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போடுங்க. சத்தமும் கூடவே போச்சுன்னா நாசில்தான் கோளாறு, சர்வீஸ் பண்ணா முடிஞ்சது. அங்கயே நின்னுச்சுன்னா உள்ள இருக்கு.

இத படிச்சிட்டு காமன் ரெயில் வண்டி, அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே பைப்புல ஹை பிரஷர் டீசல் நிக்கிற வண்டி வச்சிருக்கிறவங்க யாரும் ஸ்பேனர தூக்கிராதீங்க. 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்4 லாரி, அப்புறம் பிஎஸ்6, எல்லாத்தையும் காமன் ரெயில்னே நெனச்சுக்கங்க. அந்த பைப்புல ஆயிரம் பாருக்கு மேல பிரஷர், ஓடுற எஞ்சின்ல லூஸ் பண்ணா டீசல் ஊசி மாதிரி தோலக் குத்தி உள்ள போகும், வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுகி விரலயே எடுக்க வேண்டியதாயிடும். துணி சுத்திக்கிட்டு பண்றேன், கிளவுஸ் போட்டுக்கறேன்னு சொல்லாதீங்க, ரெண்டுக்கும் அது அடங்காது. அந்த வண்டிக்கு ஸ்கேனர் போட்டுத்தான் பாக்கணும். உங்களுது பழைய பம்ப்பு, அதனாலதான் சொல்றேன்.

இப்ப உள்ளதான் கோளாறுன்னு ஆயிருச்சுன்னா ஆயில் ஃபில்டர கழட்டி தகரம் வெட்டுற கத்திரியால வெட்டுங்க, ஹேக்சா வேணாம், அதோட தூளே உள்ள விழுந்து ஏமாத்தும். பேப்பர விரிச்சு வெயில்ல பாருங்க. செம்பு நெறத்துலயோ வெள்ளியாவோ மினுமினுன்னு துகள் இருந்து காந்தத்துல ஒட்டலன்னா பேரிங் தேயுது. ஆயில் பிரஷருக்கு கேபின் மீட்டர நம்பாம தனியா கேஜ் மாட்டுங்க, சூடான எஞ்சின் ஐடிலிங்ல 10 பிஎஸ்ஐ, ரேஸ்ல 30 பிஎஸ்ஐக்கு கீழ போனா வண்டிய நிறுத்திருங்க, ஒரு லோடு அடிச்சுட்டு வந்து பாத்துக்கலாம்னு போனா கிராங்கும் போயிரும்.

ஆயிலும் குடிக்குது, பிரீதர்ல, அதான் எஞ்சின் உள்காத்து வெளிய போற பைப்புல, புகையும் தள்ளுதுன்னா ஃபுல் வேலைதான். அதுல ரிங் மட்டும் மாத்தலாம்னு சொல்றவன்கிட்ட போகாதீங்க, போர், அதாவது சிலிண்டர் உள்சுவர் தேஞ்சிருந்தா புது ரிங் ஆறு மாசம் தாங்காது. ஆயில் குடிக்கல, பிரஷர் மட்டும் கொறையுதுன்னா அடியில இருக்கிற ஆயில் சம்ப்ப கழட்டி பேரிங்க பாத்து, கிராங்க்ல கோடு விழலன்னா பேரிங்கோட முடிச்சுக்கலாம்.

ஃபுல் வேலைன்னா லேத்துக்கு நீங்களே போங்க, ஸ்பேர் கடைக்கும் நீங்களே போங்க. நடுவுல நிக்கிறவனுக்கு ரெண்டு பக்கமும் கமிஷன். கம்பெனியில இருந்து வரும்போது 6பிடிக்கு லைனரே (சிலிண்டருக்குள்ள தனியா சொருகுற குழாய், ஸ்லீவுன்னும் சொல்வாங்க) கிடையாது, பிளாக்கையே போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. முன்னாடி யாரும் ஸ்லீவ் அடிக்காத எஞ்சினுக்கு லைனர் செட்டுன்னு பில்லு நீட்டினா என்ன லைனர்னு கேளுங்க. எனக்கே ஒரு தடவ நீட்டினாங்க. பழைய சாமான் பூரா திருப்பி வாங்குங்க.

ரீகண்டிஷன் எஞ்சின் ரெடியா இருக்கு, நாளைக்கே மாட்டிரலாம்னு புரோக்கர் வருவான். எஞ்சின் நம்பர் ஆர்சியில மாறணும், அதுக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல எத்தன நடை நடக்கணும்னு அவன் சொல்லமாட்டான். எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று), நம்பர் ஒத்துப்போகலன்னா அங்கயே திருப்பி அனுப்பிருவாங்க, ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரனும் அதத்தான் மொதல்ல தேடுவான். இருக்கிற பிளாக்க வச்சே வேலை பாருங்க, அந்த ஆபீஸ் வாசல்ல நிக்கிற நாள்ல ரெண்டு லோடு அடிச்சிரலாம்.