அப்பாவின் நான்கு டிரங்குப் பெட்டிகள்

அன்புள்ள ஐயா,

அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆவணியில் தவறிவிட்டார். ஊர் வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். பரணில் நான்கு டிரங்குப் பெட்டிகள் இருந்தன. அறுபது, எழுபதுகளில் வந்த சிறுபத்திரிகைகள், கும்பாபிஷேக மலர்கள், நாடக நோட்டீஸ்கள், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கைகள். “எல்லாம்தான் நெட்ல இருக்கே, எடைக்குப் போட்டுடலாம்” என்கிறான் தம்பி. நூலகத்தில் கேட்டுப் பார்த்தேன், வைக்க இடமில்லை என்றார்கள். மூன்று மலர்களை நானே போனில் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாலைந்து பேர் கைகூப்பினார்கள், அவ்வளவுதான். நூலகங்களே டிஜிட்டலுக்கு மாறும் காலத்தில் இந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டா? நான் செய்தது போதுமா?

ச.
புதுக்கோட்டை மாவட்டம்

*

அன்புள்ள ச.,

எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே இதை எழுதி அனுப்பிவிடலாமா என்று தவித்தேன்.

தம்பியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொல்வதில் பாதி சரி. பெட்டியில் பிரபல நாவல்களின் மறுபதிப்புகள் இருந்தால் படிக்கும் ஆசையுள்ள யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அவை எங்கும் கிடைக்கும். என் கவலையெல்லாம் அந்த நோட்டீஸ்களையும் ஆண்டறிக்கைகளையும் பற்றித்தான். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். சென்னையின் கன்னிமாரா அந்த நான்கில் ஒன்று. ஆனால் பங்குனித் திருவிழாவுக்கு உங்கள் ஊரில் போட்ட நாடகத்தின் நோட்டீஸை யார் கன்னிமாராவுக்கு அனுப்பியிருப்பார்கள்? அது உங்கள் அப்பாவின் பெட்டியில் மட்டும்தான் இருக்கக்கூடும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், துண்டறிக்கை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னைக்குக் கொண்டுவந்து, 1994இல் ஆராய்ச்சி நூலகமாக்கியது. முதலில் மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள், பிறகு டிஜிட்டலுக்கு வந்தார்கள். நம் நாடக மேடை, அச்சு, விளம்பரம் பற்றி ஆராய்கிறவர்கள் இன்று தேடிப் போகும் இடம் அது. அவற்றையும் யாராவது எடைக்குப் போட்டிருக்கலாம்.

நெட்டில் இருப்பது எதுவும் தானாக அங்கே போய்ச் சேரவில்லை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து பழைய இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். இலங்கையின் கதை இன்னும் வலியானது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் போயின, ஓலைச்சுவடிகளும் போயின. அங்கே 2005இல் இளைஞர்கள் சிலர் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஓர் இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். எனக்கு அவர்கள்மீது தனி மரியாதை. அதற்குக் காரணம் அவர்கள் நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள் என்பது. ஈழத்தில் ஒருவர் இறந்தால் அவர் வாழ்க்கைக் குறிப்பு, வம்சவிபரம், தேவாரப் பதிகங்கள் எல்லாம் சேர்த்துச் சிறு புத்தகம் அச்சிட்டு, 31ஆம் நாள் கிரியைக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பார்கள். சொந்தபந்தங்களைத் தாண்டி அதற்கு வாசகர் கிடையாது என்றுதான் நினைப்போம். ஆனால் சனம் உலகெங்கும் சிதறிய பிறகு, ஒரு கிராமத்தில் யார் யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எங்கே பெண் எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தச் சின்னப் புத்தகங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன.

இனி, நீங்கள் செய்தது போதுமா என்ற கேள்வி. நல்ல தொடக்கம், ஆனால் போதாது. வாட்ஸ்அப்பில் போட்டது அடுத்த நாள் காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். போன் வைத்த எண்தான் கோப்பின் பெயர் என்றால், பத்து வருடம் கழித்து நீங்களே தேடினாலும் கிடைக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காகப் பழைய ஈழத்துச் சஞ்சிகை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். ‘நூலகம்’ தளத்தில் கிடைத்தது. பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது, ஓரத்தில் ஈரக்கறை. அது எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் படமல்ல. அந்த இதழுக்கென ஒரு பக்கம் திறந்து, நூலக எண் கொடுத்து, வெளியான மாதம், வெளியிட்டவர், எத்தனை பக்கம் என்று குறித்து, உள்ளடக்கம் முழுவதையும் யாரோ வரிவரியாகத் தட்டச்சு செய்திருந்தார். அந்த வரிகளில் ஒன்றுதான் என் தேடலில் சிக்கியது. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. நூலையும் வாசகரையும் சேர்த்துவைப்பது அட்டவணை. அதைப் போடுகிற மனிதர் முகம் தெரியாத தன்னார்வலராக இருந்தாலும் அவர் நூலகர்தான்.

படத்திலிருந்து எழுத்தைக் கணினியே பிரித்துவிடுமே என்று தம்பி கேட்கக்கூடும். ஓரளவுதான். உங்களிடம் இருப்பவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை வைத்திருக்கும். ணா, றா, னா சுழித்திருக்கும். அவற்றில் கணினி தடுமாறும். துணைக்காலையும் (ா) ரகரத்தையும் மாற்றிப் படிக்கும். ஔவையார் என்பதில் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து அடித்துவிட்டால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் அகப்படாது. அதனால்தான் தன்னார்வலர்கள் நடத்தும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்க ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேல் அங்கே கொடுத்திருக்கிறது. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் பழைய தாளின் படம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தால் மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தால் பச்சை. நாளுக்கு இரண்டு பக்கம் பச்சையாக்கும் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்குக் கண் பார்வை நன்றாக இருந்தால் அவர்களையும் சேர்த்துவிடுங்கள், அப்பா படித்த எழுத்துகளோடு பொழுது போகும்.

ஒன்றில் மட்டும் கவனம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடியும்வரை பதிப்புரிமை உண்டு. சிறுபத்திரிகையில் எழுதியவர்களில் பலர் இன்றும் இருக்கலாம். அவர்களையோ வாரிசுகளையோ கேட்காமல் பொதுவில் ஏற்றாதீர்கள். எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஸ்கேனுக்கு முன் பட்டியல். பெட்டி எண், தலைப்பு, இதழ் எண், மாதம், வருடம், அச்சகம். அந்தப் பட்டியலோடு ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்கு எழுதிக் கேளுங்கள். “பழைய புத்தகம் இருக்கிறது” என்று சொன்னால் கிடைக்கும் பதில் வேறு, பட்டியலைக் காட்டினால் கிடைக்கும் பதில் வேறு. படமெடுக்கும்போது அட்டையையும் விளம்பரங்களையும் விட்டுவிடாதீர்கள், அந்தக் கால விலைவாசி அங்கேதான் இருக்கிறது. தைத்த முதுகைப் பிரிக்க வேண்டாம். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது, அதன் பசை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கித் தின்றுவிடும். ஸ்கேன் முடிந்தாலும் காகிதம் இருக்கட்டும்.

கும்பாபிஷேக மலர்கள் சிலவற்றில் ஆண்டு போட்டிருக்காது, தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். அதையே அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், ஆங்கில ஆண்டைப் பிறகு கணக்குப் போடலாம். வீடு இடிக்கும் தேதி எப்போது என்று எழுதவில்லையே. அதற்குள் முடியாதென்று தோன்றினால் முதலில் நோட்டீஸ்களை எடுத்துத் தனியாக வையுங்கள். ஒற்றைத் தாள்கள்தான் சாமான் மாற்றும்போது முதலில் காணாமல் போகும்.