முன்தோல் அறுவை சிகிச்சை: கூச்சம் விட்டுக் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ஆணுறுப்பின் முன்தோலை அகற்றும் அறுவை சிகிச்சை பற்றி வந்த கேள்விகளுக்கு யூராலஜி மருத்துவர் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. முன்தோல் பின்னால் போகவில்லை. குளிப்பாட்டும்போதெல்லாம் இழுத்துவிடச் சொல்கிறார் பாட்டி. சிறுநீர் போகையில் நுனி பலூன் மாதிரி உப்புகிறது. ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லி, இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். பிறக்கும்போது முன்தோலின் உட்புறம், ஆணுறுப்பின் நுனியான மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். அது தானாகப் பிரியச் சிலருக்கு மூன்று வயது ஆகும், சிலருக்குப் பத்து, சிலருக்கு மீசை அரும்பும் வயது. பலவந்தமாக இழுத்தால் தோலில் சிறு கிழிசல்கள் விழுந்து, ஆறும்போது தழும்பாகிச் சுருங்கும். தானே சரியாகியிருக்க வேண்டிய தோல் இப்படித்தான் நிஜமான நோயாகிறது. உப்பிய நுனி உடனே வடிந்து, வலியில்லாமல் சிறுநீர் போனால் கவலை வேண்டாம். தோலுக்கடியில் வெள்ளை உருண்டை தெரிந்தால் அது சீழ் இல்லை, உதிர்ந்த செல்களின் திரட்சி.

இறுக்கம் தொந்தரவு தந்தால் முதலில் களிம்புதான். பீட்டாமெத்தசோன் 0.05 சதவீதக் களிம்பை, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, இறுகிய வளையத்தின் மேல் நாளுக்கு இரண்டு முறை, 4 முதல் 8 வாரம் மெல்லிசாகத் தடவ வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதிலேயே தோல் இளகிவிடும். நுனி வெளுத்து, தடித்து, வடு மாதிரி கெட்டியாகியிருந்தாலோ, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோதான் கத்தியைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: வயது 48. இதுவரை பிரச்சினை இல்லை. ஆறு மாதமாக முன்தோல் நுனியில் வெடிப்பு, எரிச்சல், இப்போது இறுகிவிட்டது.

முதலில் சர்க்கரையைப் பாருங்கள். நடுவயதில் புதிதாக வரும் முன்தோல் வெடிப்பு, பலருக்கு நீரிழிவின் முதல் அறிகுறி. இந்த ஒரு விஷயத்தை உங்கள் அண்ணன் தம்பிகளுக்கும் சொல்லுங்கள். சர்க்கரை கலந்த சிறுநீர் தோலுக்கடியில் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெடிப்பு ஆறும், மறுபடி வெடிக்கும், ஒவ்வொரு முறையும் வளையம் இன்னும் சுருங்கும்.

ஏற்கெனவே நீரிழிவு மருந்து எடுப்பவர் என்றால் மாத்திரை அட்டையைக் கொண்டுபோங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை, அதனால் இந்தத் தொற்று அதிகம் வரும். அறுவைக்கு முன் அவற்றைச் சில நாள் நிறுத்த வேண்டியிருக்கும், அதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வராமல் அவசரப்பட்டு அறுத்தால் தையல் பிரியும், புண் ஆற நாளாகும்.

கேள்வி: பிள்ளைக்குச் சுன்னத் வைக்க வேண்டும். வழக்கமாகச் சுன்னத் செய்யும் ஒஸ்தாவை வீட்டுக்கு அழைப்பதா, மருத்துவமனையா?

மருத்துவமனைக்கே போங்கள். சுன்னத் கல்யாண விருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். யார் செய்தாலும், கத்தி படுவதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். ஒன்று, சிறுநீர்த் துவாரம் நுனியில் இருக்கிறதா, அடிப்பக்கம் இறங்கியிருக்கிறதா. இறங்கியிருந்தால் சுன்னத் செய்யவே கூடாது, ஏனென்றால் அந்தத் துவாரத்தைச் சரிசெய்ய இதே முன்தோல்தான் தேவைப்படலாம். வெட்டிய தோல் திரும்ப வராது. இரண்டு, தாய்வழி ஆண்களில் யாருக்காவது பல் பிடுங்கியபோதோ அடிபட்டபோதோ ரத்தம் நிற்காமல் போனதா. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய் அந்த வழியில்தான் இறங்கும். சந்தேகம் இருந்தால் ரத்தம் உறையும் பரிசோதனை முடிந்த பிறகே நாள் குறிக்க வேண்டும்.

கேள்வி: ஆபரேஷன் அன்று என்ன நடக்கும்? லேசர், ஸ்டேப்ளர் என்கிறார்களே, எது நல்லது?

பெரியவர்களுக்கு ஆணுறுப்பின் அடிப்பகுதியில் மரத்துப்போகும் ஊசி போதும். ஊசி குத்தும் அந்த அரை நிமிடம் வலிக்கும், பிறகு தொடுவது தெரியுமே தவிர வலி தெரியாது. சிறுவர்களுக்கு முழு மயக்கம். அதற்குத் திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். பிஸ்கட் ஒன்று கொடுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

முன்தோலின் வெளித்தோல், உள்தோல் இரண்டிலும் அளவு குறித்து, வளையமாக வெட்டி எடுத்து, ரத்தக் குழாய்களை அடைத்து, இரண்டு விளிம்புகளையும் தானே கரையும் இழையால் தைப்பார்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

ஸ்டேப்ளர் ஒரே அழுத்தில் வெட்டித் தைத்துவிடுவதால் நேரம் குறைவு. அதன் ஊசிகள் சில வாரங்களில் ஒவ்வொன்றாக உதிரும், ஒன்றிரண்டு தோலுக்குள் புதைந்தால் எடுத்துவிட வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் வளையம் பொதுவாக 5 முதல் 10 நாளில் தானே விழும். விழாமல் மொட்டில் சரிந்து இறுக்கினால் உடனே ஓடுங்கள். லேசர் என்ற பெயரில் ஸ்டேப்ளரைப் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. எதை வைத்து வெட்டுவீர்கள் என்று நேராகக் கேளுங்கள். என் கருத்தில், கருவியை விட அதைப் பிடிக்கும் கையின் பழக்கம்தான் முக்கியம்.

கேள்வி: ஐந்தாம் நாள். மொட்டில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது, அடிப்பக்கம் கழுத்துப்பட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஈரப்பசையுள்ள புண் ஆறும்போது மஞ்சள் படலம் போர்த்தும், அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். அடிப்பக்க வீக்கம் இரண்டு வாரம் வரை இருக்கலாம். உள்ளாடையில் ஆணுறுப்பு மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் சீக்கிரம் வடியும். கட்டுத்துணியை 24 முதல் 48 மணி நேரத்தில் எடுத்தபின் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கழுவி, ஒற்றி உலர்த்தினால் போதும். டெட்டால், மஞ்சள் பொடி, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

சிவப்பு நிறம் ஆணுறுப்பின் தண்டு வழியே அடிவரை பரவுதல், நாற்றம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் போக முடியாமை, மொட்டு கருத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: ரத்தம் கசிந்தால்?

சுத்தமான காஸ் துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. 10 நிமிடத்துக்குப் பிறகும் சொட்டினால் கிளம்புங்கள். மொட்டின் அடியில் அதைத் தோலோடு இணைக்கும் மெல்லிய மடிப்புப் பக்கத்துச் சிறு ரத்தக் குழாயிலிருந்துதான் அதிகம் கசியும், ஒரு தையலில் நின்றுவிடும். நூலோ ரப்பர் பேண்டோ கட்டாதீர்கள்.

கேள்வி: விடியற்காலை விறைப்பில் தையல் இழுத்து உயிர் போகிறது.

முதல் வாரம் எல்லோருக்கும் உள்ள தொல்லை. படுக்கும் முன் சிறுநீர் கழித்து, ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுங்கள். விழித்தால் எழுந்து நாலு அடி நடங்கள். கைலி கட்டினால் உரசல் குறையும். நாற்காலி வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம், பைக் இரண்டு வாரம் கழித்து, ஜிம் நான்கு வாரம் கழித்து. உடலுறவும் சுயஇன்பமும் ஆறு வாரம் கூடாது. ஆறாத தையல் கோடு பிரிந்தால் மறுபடி தைத்தாலும் வடு கோணலாகும்.

கேள்வி: இதைச் செய்துகொண்டால் எச்.ஐ.வி. வராதாமே?

வராது என்பது தவறு. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததும் தொற்று மிகுந்த நாடுகளுக்கு, மற்றத் தடுப்பு முறைகளோடு சேர்த்து. ஆணுறை போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: பின்னால் தள்ளிய முன்தோல் திரும்ப வராமல் மாட்டிக்கொண்டது. காலை வரை பார்க்கலாமா?

கூடாது. மொட்டை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்து, 5 முதல் 10 நிமிடம் அழுத்தி வீக்கத்தைக் குறைத்து, பிறகு கட்டைவிரல்களால் மொட்டை உள்ளே தள்ளி, தோலை முன்னே கொண்டுவாருங்கள். வராவிட்டால் இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு. நேரம் போகப் போக ரத்த ஓட்டம் நின்று மொட்டு அழுகத் தொடங்கும்.

கேள்வி: வெட்டிய தோலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா?

இறுக்கம், வடு, ஆறாத புண் காரணமாக அகற்றிய பெரியவர்களுக்குக் கட்டாயம் அனுப்பச் சொல்லுங்கள். வெளுத்த தழும்பு நோயும், அரிதாகப் புற்றுநோயும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். முடிவு வந்ததும் தாளைக் கையில் வாங்கிவிடுங்கள்.