மதுரைப் புறநகரில் தெருவுக்கு வாய்க்கால், ரோடு, விளக்கு: மனு கொடுத்தும் நடக்காவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: ஒத்தக்கடைப் பக்கம் சுமார் 40 வீடுகள் உள்ள பிளாட் பகுதி. மண் ரோடு, வாய்க்கால் கிடையாது, தெருவிளக்கு பாதிக்குப் பாதி. மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று முறை மனு கொடுத்தும் "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்று பதில் எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். அடுத்து என்ன செய்யலாம்?

பதில்:

அந்தப் பதில் வந்தால் பணம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புறநகர் பிளாட்டுகளில் அடிக்கடி நடப்பது வேறு. நீங்கள் ரோடு கேட்கும் தெரு ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ சொந்தமாகவே இருக்காது. மனை பிரித்து விற்றவர் பெயரிலேயே அந்த நிலம் இருக்கும். தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவழித்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் எந்தப் பொறியாளரும் எஸ்டிமேட் போட மாட்டார். இதை வெளிப்படையாகச் சொல்லாமல் நிதிநிலை என்று எழுதிவிடுவது சுலபம். ஆகவே நான்காவது மனுவுக்கு முன்னால் தெரு யாருடையது என்று பாருங்கள்.

மனைப்பிரிவு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்றதானால் ரோடும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனையாக இருந்து, 2017 விதிகளின்படி வரன்முறை (பிறகு கட்டணம் கட்டி முறைப்படுத்துவது) செய்யப்பட்டிருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்காக வந்த திட்டம் அது. அவரவர் மனைக்குக் கட்டணம் கட்டி வரன்முறை வாங்கிவிடுவார்கள். ரோட்டுக்கான தானப் பத்திரத்தை யாரும் தேட மாட்டார்கள்.

சரிபார்க்க உங்கள் மனையின் மூலப் பத்திரத்திலிருந்து தாய் சர்வே எண்ணை, அதாவது மனை பிரிக்கும் முன் மொத்த நிலத்துக்கு இருந்த எண்ணை, எடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் உள்ளாட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். அடுத்து வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற பதிவு) புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுங்கள். ரோட்டுக்குத் தனி உட்பிரிவு விழுந்திருக்கிறதா, பட்டா யார் பெயரில் என்பது அதில் இருக்கும். தானம் எழுதப்படாமல் இருந்தால் விற்றவரை, அவர் இல்லையென்றால் வாரிசுகளைப் பிடித்து எழுதி வாங்குவதுதான் முதல் வேலை. இதில் சில மாதங்கள் போகும், அலைச்சலும் உண்டு. ஆனால் இது இல்லாமல் மற்ற எதுவும் நகராது.

எந்த அலுவலகம் என்பதும் முக்கியம். 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி, வண்டியூர், உத்தங்குடி என்று பல ஊர்கள் சேர்ந்து மதுரை மாநகராட்சி 100 வார்டு ஆனது. அதனால் ஒரே மெயின் ரோட்டின் இந்தப் பக்கம் மாநகராட்சியாகவும் அந்தப் பக்கம் ஊராட்சியாகவும் இருக்கும். கடைசியாகக் கட்டிய வீட்டுவரி ரசீதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் மனு போக வேண்டும். மாநகராட்சி என்றால் வார்டு உதவிப் பொறியாளரும் மண்டல அலுவலகமும். ஊராட்சி என்றால் ஊராட்சிச் செயலர், அதற்கு மேல் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்). ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. இரண்டு பேர் என்பது பலருக்குத் தெரியாது: ஒருவர் கிராம ஊராட்சிகளுக்கு, இன்னொருவர் வட்டார ஊராட்சிக்கு. உங்கள் தெரு ஊராட்சி ரோடா ஒன்றிய ரோடா என்பதைப் பொறுத்து மேஜை மாறும். தவறான மேஜையில் விழுந்த மனு அங்கேயே கிடக்கும்.

மதுரை மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லையே என்று கிராம சபையைக் கைவிட வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் சபையில் உங்கள் தெரு வேலையைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் பேசிவிட்டு வந்தால் பயன் இல்லை. "இன்ன சர்வே எண், இன்ன தெரு, இத்தனை மீட்டர் நீளம்" என்று எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இனி வேலையின் வரிசை. எல்லோரும் ரோட்டை முதலில் கேட்கிறார்கள். ரோடு கடைசியில் வர வேண்டியது. பாதாளச் சாக்கடை அல்லது கழிவுநீர்க் குழாய், பிறகு குடிநீர்க் குழாய், பிறகு மழைநீர் வாய்க்கால், மின் கம்பம், எல்லாவற்றுக்கும் பிறகு ரோடு. வரிசை மாறினால் போட்ட ரோட்டைத் தோண்டிக் குழாய் பதிப்பார்கள். தோண்டிய பள்ளத்தில் மண்ணை ஒரே தட்டில் கொட்டி மூடுவார்கள், அடுத்த மழைக்கு அந்தக் கோடு முழுக்க உள்வாங்கும். பள்ளத்தை மூடும்போது 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். குழாய் வேலை உங்கள் பகுதிக்கு வரப்போகிறதா என்று பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வரும் என்றால் அதுவரை கிராவல் அடித்து ரோலர் ஓட்டிச் சமாளிப்பது, நல்ல கான்கிரீட்டை உடைக்கக் கொடுப்பதைவிட மேல்.

உங்கள் தெருவின் உண்மையான நோய் தண்ணீர். மதுரையைச் சுற்றியுள்ள புதிய குடியிருப்புகளில் பெரும்பகுதி கண்மாய்ப் பாசன வயல்களின் மேல் எழுந்தவை. வண்டியூர், மாடக்குளம், தென்கால், செல்லூர், நிலையூர் என்று எந்தக் கண்மாயை எடுத்தாலும் மேலே ஒரு வரத்துக் கால்வாய், கீழே மடையிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்கால், மறுகால் (கண்மாய் நிரம்பி வழியும் தண்ணீர்) போகும் ஓடை என்று ஒரு சங்கிலி இருந்தது. வயல் மனையானதும் அந்த வாய்க்கால் தோட்டமாகவோ கார் நிறுத்துமிடமாகவோ மாறிவிட்டது. தண்ணீருக்கு மட்டும் பழைய வழிதான் தெரியும். 2024 அக்டோபர் 25-ல் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி எப்படி மூழ்கியது என்பதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க முடியாது. கண்மாய் மறுகால் தண்ணீர் வைகைக்குப் போகும் பாதை அடைபட்டால் ஊருக்குள்தான் நிற்கும்.

எடுத்து வைத்த புலப்படத்தில் "வாய்க்கால்" என்று குறித்த உட்பிரிவு உங்கள் தெருவுக்கு அருகே இருந்தால் அதன் அகலத்தைத் தரையில் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் தாசில்தாரிடம் அளவீடு கேட்டு மனுச் செய்யலாம். அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பு என்று உறுதியானால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து எடுக்க அதிகாரம் இருக்கிறது. கண்மாய் என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. இதில் பக்கத்து வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் வரும். அளவீடு முடியும் முன்பு யாரையும் ஆக்கிரமிப்பாளர் என்று மனுவில் எழுத வேண்டாம். "அளந்து எல்லை காட்டவும்" என்பது போதும்.

வாய்க்கால் அளவைப் பற்றி ஒரு கணக்கு. 40 வீடுகளும் ரோடுமாகச் சேர்ந்து சுமார் இரண்டரை ஏக்கர், அதாவது ஒரு ஹெக்டேர் என்று வையுங்கள். மணிக்கு 50 மி.மீ. மழையில் எழுபது சதவீதம் ஓடி வந்தால் மணிக்கு 350 கன மீட்டர், வினாடிக்கு ஏறக்குறைய 100 லிட்டர். பல தெருக்களில் வசூல் செய்து 6 இஞ்ச் பிவிசி பைப்பைக் குறுக்கே புதைத்துவிட்டு, தண்ணீர் ஏன் வடியவில்லை என்று கேட்கிறார்கள். 300-க்கு 1 வாட்டத்தில் அந்தப் பைப் வினாடிக்குச் சுமார் 10 லிட்டர்தான் கடத்தும், வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. அதே வாட்டத்தில் 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழமுள்ள கான்கிரீட் வாய்க்கால் நிறைந்து ஓடினால் 300 லிட்டர் வரை தாங்கும். பாதி வண்டல் படிந்தாலும் சமாளிக்கலாம்.

300-க்கு 1 வாட்டம் என்றால் 30 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். இதை நீங்களே டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய்) வைத்துப் பார்க்கலாம். தெரு முனையில் ஒரு செங்கல் அடையாளம் வைத்து, 15 மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கடைசிவரை உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடியும் இடம் ஓடையின் தரைமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். போகும் இடமில்லாத வாய்க்கால் கொசு வளர்க்கும் தொட்டிதான். அதை மட்டும் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள், எவ்வளவு பெரிய மதிப்பீடு காட்டினாலும் சரி.

இன்னொரு தீங்கு, செப்டிக் டேங்க் வழிந்ததை மழைநீர் வாய்க்காலில் விடுவது. வயல் மண் நீரை உறிஞ்சாது என்பதால் உறைகிணறு சீக்கிரம் நிரம்பும், பலரும் ரகசியமாகப் பைப் இணைத்துவிடுவார்கள். நாற்றம், அடைப்பு, கடைசியில் கண்மாய் கெடுவது வரை இதிலிருந்து வருகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் உள்ள லாரியை அழைத்துக் காலி செய்யுங்கள். 14420 இதற்கான உதவி எண். தொட்டிக்குள் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். ஐந்து நிமிட வேலை என்று யார் சொன்னாலும் அனுமதிக்கக் கூடாது, விஷவாயு ஐந்து நிமிடம்கூடத் தராது.

ரோடு கான்கிரீட்டா பேவர் பிளாக்கா? குழாய் வேலை பாக்கி இருந்தால் பேவர் பிளாக் நல்லது, பெயர்த்துத் திரும்பப் போடலாம். தண்ணீர் லாரி வரும் தெருவுக்கு 60 மி.மீ. கனமுள்ள கல் போதாது, 80 மி.மீ. கேளுங்கள். இருபுறமும் கான்கிரீட் ஓரக்கட்டு இல்லாவிட்டால் கற்கள் பக்கவாட்டில் விலகி, ஒரே ஆண்டில் நடுவில் பள்ளம் விழும். ஓரக்கட்டு மதிப்பீட்டில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கல்லுக்கு அடியில் 2 முதல் 4 செ.மீ. மணல் மெத்தை போதும். அதைவிடக் கூடுதலாகப் போட்டு மேடு பள்ளத்தைச் சரிக்கட்டினால் அது அமுங்கும்.

கான்கிரீட் என்றால் கனம்தான் முதல் சண்டை. 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 60 கன மீட்டர் கலவை. இரண்டரை செ.மீ. குறைத்தால் 10 கன மீட்டர் மிச்சமாகிவிடும். ஓரத்தில் அடிக்கும் பலகையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், நடுவில் அடித்தளம் மேடாக இருந்தால் அங்கே கனம் குறையும். கொட்டும் முன் குறுக்கே நூல் கட்டி, நான்கைந்து இடத்தில் அளவு நாடா வையுங்கள். நாலரை மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் ரோட்டின் குறுக்கே வெட்டு போட வேண்டும், கொட்டி ஒரு நாளுக்குள், கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. அது தவறினால் தானாகவே தாறுமாறாக விரிசல் விழும். பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் ஒரு நாள் காய்ந்தாலும் மேல்தோல் புழுதியாக உதிரும். கனரக வண்டி 28 நாள் கழித்து.

பழைய தார் ரோட்டின் மேலேயே புது ரோடு போட வந்தால் மில்லிங் செய்யச் சொல்லுங்கள். மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அதை விட்டால் ஒவ்வொரு ரோட்டுக்கும் உங்கள் வாசல் ஒரு படி கீழே போகும்.

தெருவிளக்கில் குழப்பம் வருவது கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு உள்ளாட்சியுடையது என்பதால். கம்பம் சாய்ந்தாலோ வயர் தொங்கினாலோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. விளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சி அல்லது மாநகராட்சி. புது விளக்கு கேட்கும் முன் அண்ணாந்து பாருங்கள். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் தவிர தெருவிளக்குக்கென்று தனி வயர் உங்கள் கம்பம் வரை வந்திருக்கிறதா? வராவிட்டால் அந்த வயரை இழுக்க உள்ளாட்சி மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டும். மனுவில் அதையே கேளுங்கள், கம்ப எண்களோடு. தெரு முழுக்க ஒன்றாக அணைந்தால் கோளாறு சுவிட்ச் பெட்டியிலோ அந்தத் தனி வயரிலோ. ஒன்றிரண்டு மட்டும் என்றால் விளக்கிலேயே.

பணம் எங்கிருந்து வரும் என்பதை மனுவிலேயே சுட்டிக்காட்டினால் வேலை சுலபம். ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது, வாய்க்காலை அதில் கேட்கலாம். ரோட்டுக்கு எம்.எல்.ஏ. தொகுதி நிதி, அது ஆண்டுக்கு 3 கோடி. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். நாற்பது வீடு ஒற்றுமையாக இருந்தால் இது வேகமான வழி. ஆனால் வசூலித்த பணம் குடியிருப்போர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருக்கட்டும், யார் சட்டைப்பையிலும் வேண்டாம்.

மறுபடியும் மழுப்பலான பதில் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி நான்கு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்தத் தெரு உங்கள் சாலைப் பதிவேட்டில் உள்ளதா, இதற்கு மதிப்பீடு தயாரானதா, நிர்வாக அனுமதி எண் என்ன, எந்தத் திட்டத்தில். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வேலை தொடங்கிய பிறகு அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவில் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கனத்தில் சந்தேகம் வந்தால் அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் பதிவு) நகலையும் கேளுங்கள்.

ஒரு மனுவில் ஒரு வேலை மட்டும். தானப் பத்திர நகல், புலப்படம், தெரு நீளம் அகலம், டியூப் லெவல் குறிப்பு, வீட்டு எண்களோடு கையெழுத்து, இவற்றோடு மழைப் படங்களையும் இணையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பரில்தான் மதுரையில் வலுக்கும். அப்போது தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு அளவுகோலை நட்டு, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். சித்திரையில் வந்து பார்க்கும் பொறியாளருக்கு உங்கள் தெருவில் புழுதி மட்டும்தான் தெரியும்.