டெடி டேனியல்ஸுடன் இரண்டாவது பயணம்

கேள்வி: மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கத்தில் லியனார்டோ டிகாப்ரியோ நடித்து 2010-இல் வெளிவந்த ‘ஷட்டர் ஐலண்ட்’ படத்தை அண்மையில்தான் பார்த்தேன். மனநல மருத்துவமனையிலிருந்து காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடித் தீவுக்கு வரும், ‘மார்ஷல்’ எனப்படும் அமெரிக்க அரசுக் காவல் அதிகாரி டெடி டேனியல்ஸுடன் சேர்ந்து நானும் இரண்டு மணி நேரம் துப்புத் துலக்கினேன். கடைசியில் அவரே அங்குள்ள நோயாளி என்று தெரிந்ததும் அசந்துபோனேன். அந்த வியப்பு அடங்கியபின் எரிச்சல்தான் எஞ்சியது. நடந்ததெல்லாம் மருத்துவர்கள் போட்ட நாடகமென்றால், நான் எதற்காக அவ்வளவு பதறினேன்? இது நல்ல படமா, ஏமாற்று வேலையா?

பதில்: முடிவை நீங்களே சொல்லிவிட்டதால், படத்தைப் பார்க்காத வாசகர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

ஏமாற்று வேலை என்பதை நான் ஒப்பமாட்டேன். பார்வையாளருக்கு எட்டாத இடத்தில் உண்மையை ஒளித்துவைத்துவிட்டு இறுதியில் எடுத்து நீட்டும் படங்கள் உண்டு. இந்தப் படம் உண்மையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே நம்மை வேறு பக்கம் பார்க்கச் செய்கிறது. விசாரணையின்போது ஒரு பெண் நோயாளி தண்ணீர் கேட்டுக் குடிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்: அவர் கையை வாய்க்குக் கொண்டுபோகும் ஒரு கணத்தில் கையில் தம்ளரே இருக்காது. தன் மூன்று குழந்தைகளையும் மனைவி ஏரியில் மூழ்கடித்துக் கொன்றதை நினைவிலிருந்து துரத்திய ஒருவரின் கண், தண்ணீரையும் சேர்த்தே மறுக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். முதல் முறை இதைப் படத்தொகுப்பில் நேர்ந்த பிழை என்றே நினைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கதை நிகழும் 1954-ஆம் ஆண்டும் தற்செயலானதன்று. மூளையின் நரம்பிணைப்புகளை அறுக்கும் ‘லோபோடமி’ அறுவைக்காகப் போர்ச்சுகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே கிடைத்திருந்தது. மனநோய்க்கான ‘தோரசின்’ மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1954-இல்தான். கத்தியா, மாத்திரையா என்று மருத்துவர்கள் மோதிக்கொண்டிருந்த அக்காலத்தில், பேசியும் நடித்தும் ஒரு மனத்தை மீட்டுவிடலாம் என்று நம்பும் அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர் காலி, கத்திக்கு முன் எஞ்சியிருக்கும் கடைசி வாய்ப்பாகவே அந்த நாடகத்தை நடத்துகிறார். ஆகவே, உங்கள் பதற்றம் வீணாகவில்லை. காணாமற்போன பெண்ணுக்காகப் பதறிய நாம், மறுமுறை பார்க்கும்போது, இந்த மனிதர் பிழைப்பாரா என்று பதறுகிறோம்.

உங்கள் எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. காரணம் மட்டும் வேறு. கலங்கரை விளக்கத்தில், பெயர்களின் எழுத்துகள் எப்படி இடம் மாறின என்று எழுதிவைத்துப் பாடம் நடத்தும் காட்சி, அதுவரை நம் அறிவை மதித்து வந்த படத்துக்குப் பொருந்தவில்லை. நோயாளிகளைத் திடுக்கிட வைக்கும் முகங்களாகவே காட்டும், ஆபத்தானவர்களை அடைத்துவைக்கும் ‘சி’ பிரிவுக் காட்சிகளும், நாஜிகளின் டாகௌ வதைமுகாமின் பிணக்குவியலை ஒரு தனிமனிதரின் கனவுக்கு அலங்காரமாக்கியிருப்பதும் எனக்கு உவப்பாக இல்லை.

ஆனால், அரக்கனாக வாழ்வதா, நல்லவனாகச் சாவதா, எது கொடியது என்று டெடி இறுதியில் கேட்கும் கேள்வி இத்தனை குறைகளையும் மறக்கச் செய்துவிடுகிறது. டென்னிஸ் லெஹேன் 2003-இல் எழுதிய மூல நாவலில் அந்த வரி இல்லை. அதன்பின், அவர் தமக்குத் தாமே புனைந்துகொண்ட “டெடி” என்ற பெயரால் அழைக்கும் குரலுக்கு அவர் திரும்புவதில்லை. நோய் முற்றியதால் அன்று, உண்மை முழுவதும் தெரிந்தே அறுவைக்கு நடந்து போகிறார் என்பது என் எண்ணம், எதிர்க்கருத்துடையோரும் பலர்.

மனமிருந்தால் இன்னொரு முறை பாருங்கள். இம்முறை டிகாப்ரியோவை விட்டுவிட்டு, உதவியாளர் சக்காக வரும் மார்க் ரஃபலோவை மட்டும் கவனியுங்கள். தீவில் இறங்கியதும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும்போது, அதை உறையோடு கழற்றக்கூடத் தெரியாமல் திணறும் அந்த மார்ஷல் உண்மையில் யார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.